புளித்த வாடையும் பொய் சொல்லும் மீட்டரும்

கேள்வி:

சார், வணக்கம். சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டை வட்டாரத்தில் பிளாஸ்டிக் உறைகள் அச்சடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். பிஸ்கட், முறுக்கு, மசாலாத் தூள் பாக்கெட்டுகளுக்கான படலத்தில் கிராவூர் முறையில், அதாவது செதுக்கிய சிலிண்டர்களை வைத்து, அச்சடிக்கிறோம். மைக்கான கரைப்பான் பெரும்பாலும் எதில் அசிடேட் (ethyl acetate) தான், மணிக்குச் சராசரியாக 58 கிலோ செலவாகிறது. உலர்த்தியிலிருந்து வரும் காற்று, மணிக்கு 10,000 கனமீட்டர், கேட்டலிஸ்ட் (குறைந்த சூட்டிலேயே ஆவியை எரிக்க உதவும் வினையூக்கி) வைத்த எரிப்பானுக்குப் போகிறது. மூன்று ஆண்டுகளாக ஒரு தொந்தரவும் இல்லை.

ஜூன் கடைசியிலிருந்து இரவு ஷிப்டில் புகைபோக்கியிலிருந்து புளித்த கள் மாதிரி ஒரு வாடை. பக்கத்து ஊழியர் தங்குவிடுதியில் இருக்கும் நம் ஊர்த் தம்பிகள் என்னிடமே வந்து, "அண்ணே, ராத்திரி ஜன்னல் திறக்க முடியல, கண்ணு எரியுது" என்கிறார்கள். கேட்டலிஸ்டுக்கு முன்னால் 300 டிகிரி, பின்னால் 345 டிகிரி காட்டுகிறது. முன்பெல்லாம் பின்னால் 400ஐத் தாண்டும். எரிப்பானை விற்றவர்கள் வந்து பார்த்தார்கள். "டக்ட்டில் (காற்றுக் குழாயில்) இருக்கும் எல்இஎல் மீட்டர், அதாவது தீப்பற்றும் ஆவியை அளக்கும் மீட்டர், 4 சதவீதம்தான் காட்டுகிறது. கரைப்பான் குறைந்துவிட்டது, அதனால் சூடும் குறைவு. நுழைவு வெப்பத்தை 400க்கு ஏற்றுங்கள், புகைபோக்கியில் ஒரு கரி வடிகட்டியும் போட்டுவிடுவோம்" என்கிறார்கள். முதலாளி இன்னொரு பக்கம் ஆர்டிஓ என்ற வேறு வகை எரிப்பானுக்குப் புதிதாக விலை கேட்டிருக்கிறார்.

கேட்டலிஸ்ட் உண்மையிலேயே போய்விட்டதா? அந்த வாடை தம்பிகளுக்கு ஆபத்தா? கூடுதலாக ஒன்று. ஏப்ரலில் லேபிள் தாளுக்கு சிலிக்கோன் பூசும் சின்ன இயந்திரம் ஒன்றை வாங்கி, அதன் காற்றையும் இதே டக்ட்டில் சேர்த்தோம். அதனால் சுமை கூடியிருக்க வேண்டுமே தவிர, எப்படிக் குறைந்தது என்று எனக்குப் புரியவில்லை.

– துவாஸிலிருந்து ஒரு வாசகர்

பதில்:

"கூடுதலாக ஒன்று" என்று கடைசியில் போட்டிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

கேட்டலிஸ்டைப் பற்றிப் பிறகு பேசலாம். இன்றைக்கே செய்ய வேண்டியவை இரண்டு. சிலிக்கோன் பூசும் இயந்திரத்தை நிறுத்துங்கள். டக்ட்டில் இருக்கும் எல்இஎல் மீட்டருக்குச் சோதனை வாயு (அளவு தெரிந்த வாயுக் கலவை) கொடுத்துச் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். மேலாளர் தயங்கினால் இந்தப் பதிலையே அவரிடம் காட்டுங்கள்.

மீட்டரை ஏன் சந்தேகப்படுகிறேன் என்று கேட்பீர்கள். எல்இஎல் என்பது கீழ்த் தீப்பற்று எல்லை, அதாவது காற்றில் இத்தனை சதவீதம் ஆவி சேர்ந்தால்தான் தீப்பொறி பட்டதும் பற்றும் என்ற அளவு. எதில் அசிடேட்டுக்கு அது சுமார் 2 சதவீதம், அதாவது 20,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). மீட்டர் 4 சதவீதம் என்று காட்டினால் அந்த எல்லையில் நூற்றில் நாலு பங்கு, 800 பிபிஎம் என்று பொருள். இனி உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 58 கிலோவில் பத்தில் ஒரு பங்கு அச்சு மண்டபத்திலும் படலத்திலும் தங்கிவிடுகிறது என்று தாராளமாகவே கழிப்போம். மீதி 52 கிலோ. அதை 10,000 கனமீட்டர் காற்றில் கலந்தால் ஒரு கனமீட்டருக்கு 5.2 கிராம். எதில் அசிடேட் 1 பிபிஎம் என்பது கனமீட்டருக்கு 3.6 மில்லிகிராம். ஆக, சுமார் 1,440 பிபிஎம். எல்இஎல் கணக்கில் 7 சதவீதத்துக்குச் சற்று மேல்.

கொள்முதல் ரசீது 7 என்கிறது, மீட்டர் 4 என்கிறது. நான் ரசீதைத்தான் நம்புவேன். காசு கொடுத்து வாங்கிய கரைப்பான் எங்கேயாவது போயிருக்க வேண்டும்.

டக்ட்டில் வைக்கும் எல்இஎல் மீட்டர்களில் பலவற்றுக்குள் இருப்பது பெல்லிஸ்டர் என்ற குட்டி மணி. பிளாட்டினம் அல்லது பல்லேடியம் ஏற்றிய அலுமினா உருண்டை, நடுவே ஒரு கம்பிச் சுருள். ஆவி அதன்மேல் எரிந்து மணி சூடாகும். அந்தச் சூட்டைத்தான் மீட்டர் சதவீதமாக மாற்றிக் காட்டுகிறது. உங்கள் எரிப்பானுக்குள் இருக்கும் கேட்டலிஸ்டின் தம்பி என்றே சொல்லலாம். அண்ணனைக் கொன்ற நஞ்சு தம்பியையும் கொல்லும். சிலிக்கோன் ஆவி மிகக் கொஞ்சம் பட்டாலும் இந்த மணி மந்தமாகிவிடும். இதில் மோசமானது என்னவென்றால், அது வாய்விட்டுச் சொல்லாது. சுத்தமான காற்றில் ஒழுங்காகப் பூச்சியம் காட்டும், விளக்கு பச்சையாகவே எரியும், ஆவி வரும்போது மட்டும் பாதிதான் காட்டும். உங்கள் மீட்டர் 7க்கு 4 காட்டுகிறது என்றால், உண்மையில் 45 சதவீதம் ஏறிய பிறகுதான் அதன் திரையில் 25 தெரியும். 25 சதவீதத்தில் அச்சு இயந்திரம் தானாக நிற்கும்படி வைத்திருப்பீர்கள், பல இடங்களில் அப்படித்தான் வைப்பார்கள். அந்தக் காவல்காரர் இப்போது அரைத் தூக்கத்தில் இருக்கிறார்.

எதில் அசிடேட் மைனஸ் 4 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்கும் சரக்கு. துவாஸில் எந்த நேரத்திலும் அதற்குப் போதுமான சூடு உண்டு. அதனால்தான் வாடையைவிட மீட்டரை முன்னால் வைத்தேன்.

சோதனை வாயுவில் மீத்தேன் கலந்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள். நஞ்சேறிய மணி மற்ற ஆவிகளைவிட முதலில் மீத்தேனைத்தான் கண்டுகொள்ளாமல் விடும், அதனால் பழுது பளிச்சென்று தெரிந்துவிடும். மாற்றுவதானால் அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்யும் மீட்டருக்கு மாறிக்கொள்ளுங்கள். அதில் எரிப்பு கிடையாது, சிலிக்கோன் அதன் உணர்திறனை இப்படி அரிக்காது.

ஒருவேளை உங்களிடம் இருப்பதே அகச்சிவப்பு மீட்டர் என்றால் என் சந்தேகம் தப்பு. அப்போது வேறு இரண்டைப் பார்க்க வேண்டும். புது இயந்திரம் நினைத்ததைவிட அதிகக் காற்றைக் கொண்டுவந்து ஆவியை நீர்க்கச் செய்திருக்கலாம். பிட்டோ குழாய் வைத்து டக்ட்டில் காற்றோட்டத்தை அளந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அல்லது உலர்த்தியின் உறிஞ்சல் குறைந்து, கரைப்பான் அச்சு மண்டபத்துக்குள்ளேயே கசியலாம். அப்படியானால் உங்கள் ஆட்களுக்குத்தான் முதலில் தலை வலிக்கும், விடுதிக்கு அல்ல.

சரி, இப்போது கேட்டலிஸ்ட்.

கரைப்பான் ஆவியைச் சும்மா நெருப்பில் எரித்து அழிப்பதானால் 760 டிகிரிக்கு மேல் கொண்டுபோக வேண்டும். பிளாட்டினத்தின் மேல் அது 300 டிகிரிக்கு அக்கம்பக்கத்திலேயே நடக்கிறது. தீச்சுடர் இல்லாமல் எரிவது புதுச் சங்கதியும் இல்லை. சுரங்க விளக்கு ஆராய்ச்சியில் இருந்த ஹம்ப்ரி டேவி, 1817இல், எரிவாயுவும் காற்றும் கலந்ததில் பிளாட்டினக் கம்பி சுடரே இல்லாமல் தகதகப்பதைப் பார்த்துவிட்டார். உங்கள் பெட்டிக்குள் நடப்பதும் அதுதான். உங்கள் காற்றளவுக்கு உள்ளே அநேகமாக அரைக் கனமீட்டர் தேன்கூட்டுப் பிளாக்குகள் இருக்கும். துளைச் சுவர்களில் அலுமினாப் பூச்சு, அதில் கண்ணுக்குத் தெரியாத பிளாட்டினத் துகள்கள். அந்தப் பூச்சை ஒரு கிராம் எடுத்து அதன் நுண்துளைகளையெல்லாம் விரிக்க முடிந்தால் 100 சதுர மீட்டருக்கு மேல் வரும், கிட்டத்தட்ட ஒரு வீவக ஐந்தறை வீடு. வேலை நடப்பது அந்தப் பரப்பில்தான். அதை மூடிவிட்டால் பிளாட்டினம் அங்கேயே இருந்தும் பயனில்லை.

சிலிக்கோன் செய்வது அந்த மூடல். பூசிய தாள் சூட்டில் இறுகும்போது கொஞ்சம் சிலிக்கோன் ஆவியாகிப் பறக்கும். மற்ற ஆவிகள் எரிந்தால் கரியமில வாயுவும் தண்ணீரும் ஆகி வெளியே போய்விடும். இது எரிந்தால் சிலிக்கா மிஞ்சும். சிலிக்கா என்றால் மணல்தான், ஆனால் மாவைவிட நுண்ணிய மணல், கண்ணாடிப் பூச்சு போலப் படியும். ஒரு கிலோ சிலிக்கோன் எரிந்தால் சுமார் 800 கிராம் சிலிக்கா. உங்கள் சின்ன இயந்திரம் மணிக்கு வெறும் 50 கிராம் பறக்க விடுகிறது என்று வைத்தாலும், நாளுக்கு 16 மணி நேரம், மாதம் 25 நாள் ஓடினால் 20 கிலோ ஆகிறது. அதில் 16 கிலோ மணல் உங்கள் தேன்கூட்டுக்குள். ஏப்ரலிலிருந்து எத்தனை மாதம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். சுமை கூடாமல் எப்படிக் குறைந்தது என்று கேட்டீர்கள். குறையவே இல்லை, அளப்பதும் எரிப்பதும்தான் குருடாகிக்கொண்டு வந்தன.

எவ்வளவு குருடு என்பதற்கும் உங்கள் எண்களே போதும். எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. எல்இஎல்லில் ஒவ்வொரு 1 சதவீத ஆவியும் முழுதாக எரிந்தால் காற்றின் வெப்பம் சுமார் 15 டிகிரி ஏறும். 7.2 சதவீதம் என்றால் 108 டிகிரி. முன்பு 300இல் நுழைந்தது 400ஐத் தாண்டி வெளியேறியதாக எழுதியிருக்கிறீர்கள், கணக்கு அச்சுப்பிசகாமல் பொருந்துகிறது. இப்போது ஏறுவது 45. விற்பனையாளர் மீட்டரின் 4 சதவீதத்தை நம்பி, ஏற வேண்டியது 60, ஏறியது 45, முக்கால்வாசி வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டிருப்பார். ரசீதை வைத்துப் போட்டால் 108க்கு 45, பாதிகூட இல்லை. அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. செத்த மீட்டரை வைத்து செத்த கேட்டலிஸ்டை அளந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும், அவ்வளவுதான்.

வாடைக்கும் இதுவே காரணம். நல்ல கேட்டலிஸ்டில் எதில் அசிடேட் கடைசிவரை எரிந்துவிடும். மந்தமானதில் பாதி வழியில் இறங்கிவிடும்: கொஞ்சம் எத்தனால், கொஞ்சம் அசெட்டால்டிஹைடு, கொஞ்சம் அசிட்டிக் அமிலம். அமிலம் காடியின் புளிப்பு, அசெட்டால்டிஹைடு அழுகிய பழமும் கள்ளும் கலந்த நெடி. தம்பிகளின் மூக்கு எந்த மீட்டரையும்விடச் சரியாகச் சொல்லியிருக்கிறது. அசெட்டால்டிஹைடு எதில் அசிடேட்டைவிடப் பல மடங்கு குறைந்த அளவிலேயே மூக்கில் ஏறும். அதனால் கரைப்பானை அப்படியே வெளியே விட்டிருந்தால்கூட இவ்வளவு நாறியிருக்காது என்பது ஒரு வேடிக்கை. அதற்காக அப்படி விட்டுவிடாதீர்கள்.

கைக்கு அடக்கமான பிஐடி மீட்டரை (புற ஊதா ஒளியால் ஆவியை அளக்கும் கருவி) புகைபோக்கியில் காட்டி "ஒன்றுமில்லையே" என்று யாராவது சொன்னால், அசிட்டிக் அமிலத்தை அது மிக மந்தமாகத்தான் காணும் என்பதை நினைவில் வையுங்கள். அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்தைக் கூப்பிட்டு, நுழைவிலும் வெளியிலும் ஒரே நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். ஆல்டிஹைடுகளைத் தனியாகப் பிடித்துப் பார்க்கும்படியும் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் செய்யமாட்டார்கள்.

வெப்பத்தை 400க்கு ஏற்றும் யோசனைக்கு வருகிறேன். ஏற்றினால் வாடை குறையும், அதை நான் மறுக்கவில்லை. அதுதான் அதிலுள்ள கண்ணியும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒட்டுநாடா செய்யும் ஓர் ஆலையில் நான் வேலை பார்த்தபோது இதையே செய்தோம். 320 போதவில்லை, 350. ஆறு வாரம் நிம்மதி. பிறகு 380, பிறகு 410. ஒவ்வொரு முறையும் "சரியாகிவிட்டது" என்று பதிவேட்டில் எழுதினோம். கடைசியில் பெட்டியைத் திறந்தால் முன் வரிசை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக இருந்தது. உருளை ஒட்டாமல் இருக்க ஃபிட்டர் ஒருவர் அடித்துக்கொண்டிருந்த சிலிக்கோன் ஸ்பிரே. மாதம் எட்டு டப்பா, அவ்வளவுதான். வெப்பத்தை ஏற்றச் சொன்ன கையெழுத்து மூன்று இடத்திலும் என்னுடையது.

உங்கள் நிலையில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. 400இல் நுழைந்து 108 ஏறினால் 508, பிரச்சினையில்லை. ஆனால் அச்சுச் சிலிண்டர் கழுவும் நேரத்தில் கரைப்பான் திடீரென்று ஏறும், தெரியும்தானே. அது 25 சதவீதம் வரை போனால், மிஞ்சியிருக்கும் நல்ல பகுதியில் 375 டிகிரி ஏறும். 400உடன் சேர்த்தால் 775. சுமார் 650ஐத் தாண்டினாலே பிளாட்டினத் துகள்கள் நகர்ந்து ஒன்றோடொன்று திரண்டு பெரிதாகிவிடும், பரப்பு போய்விடும், திரும்பி வராது. அதைத் தடுக்க வேண்டிய மீட்டர்தான் பாதி காட்டுகிறதே. மீட்டரை மாற்றி, வெளியேறும் பக்கத்தில் 600 டிகிரியில் தானாக நிற்கும்படி அமைத்த பிறகு, புதுப் பிளாக் வரும்வரை தற்காலிகமாக 350 வைத்துக்கொள்வதை நான் ஏற்பேன். அதற்கு மேல் வேண்டாம்.

காசுக் கணக்கும் பார்த்துவிடலாம். மணிக்கு 10,000 கனமீட்டர் காற்றை 100 டிகிரி கூடுதலாகச் சூடேற்ற 330 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். வெப்பமாற்றி 60 சதவீதத்தை மீட்டுக்கொடுத்தாலும் 130 கிலோவாட் கைக்காசு. சிங்கப்பூரில் கரிம வரி டன்னுக்கு 2024இல் 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது, 2026இல் 45. ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளியிடும் பெரிய ஆலைகளுக்குத்தான் நேரடி வரி, உங்கள் முதலாளிக்கு நோட்டீஸ் வராது. ஆனால் மின்சாரக் கட்டணத்துக்குள் அது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கரி வடிகட்டியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சூடான புகைபோக்கியில் கரி எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாது. அசெட்டால்டிஹைடை அது குளிர்ந்த காற்றிலேயே சரியாகப் பிடிக்காது. காற்றைக் குளிரவைத்தால் இந்த ஊர் ஈரம் வந்து நிற்கும். இங்கே சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல், கரியின் துளைகளைத் தண்ணீரே நிரப்பிவிடும். அந்தப் பணத்தைச் சேர்த்து வையுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், கரிக்கு உங்கள் ஆலையில் வேறு ஓர் இடம் இருக்கிறது. சிலிக்கோன் ஆவியின் மூலக்கூறுகள் பருத்தவை, கரி அவற்றை நன்றாகப் பிடிக்கும். குப்பை மேட்டு வாயுவை இயந்திரத்துக்கு அனுப்புமுன் இப்படித்தான் சுத்தம் செய்கிறார்கள். புது இயந்திரத்தில் கரைப்பான் இல்லாத சிலிக்கோனைப் பூசுகிறீர்கள் என்றால், அதன் காற்றை இந்த டக்ட்டிலிருந்து வெட்டி, ஒரு சின்னக் கரிப் பெட்டி வழியாகத் தனியே விடலாம். கரைப்பானில் கரைத்த சிலிக்கோன் என்றால் கரைப்பானும் கரியில் இடம் பிடித்துக்கொண்டு சண்டை போடும், அப்போது இது சரிவராது. அதற்கு நான் முதலில் கேட்பது, புற ஊதா ஒளியில் இறுகும் சிலிக்கோனுக்கு மாற முடியுமா என்பதுதான். எதுவானாலும் அந்தக் காற்று மறுபடி கேட்டலிஸ்ட் பக்கம் வரக்கூடாது. கையோடு ஸ்டோருக்கும் ஒரு நடை போய், உருளை ஸ்பிரே, மையில் நுரை வராமல் இருக்கச் சேர்க்கும் மருந்து ஆகியவற்றின் லேபிளையெல்லாம் படித்துவிட்டு வாருங்கள். சிலிக்கோன் நுழைய டக்ட் மட்டும்தான் வழி என்பதில்லை.

பெட்டியை நிறுத்தி ஆறவிட்டு, முன் வரிசையிலிருந்து ஒரு பிளாக், பின் வரிசையிலிருந்து ஒரு பிளாக் எடுங்கள். முன் முகம் கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தால் அது கரிப்படிவு. நீங்கள் தப்பித்தீர்கள், சில மணி நேரம் 450 டிகிரியில் கரைப்பான் இல்லாத காற்றை ஓட்டினால் எரிந்து போய்விடும். வெள்ளையாக இருந்தால் சிலிக்கா. கழுவித் தருகிறோம் என்று சிலர் வருவார்கள். சிலிக்காவைக் கரைக்கும் காரம் அலுமினாப் பூச்சையும் கடிக்கும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் முழுப் படுக்கையையும் தூக்கி எறியவும் வேண்டாம். சிலிக்கா முதலில் முன் வரிசையில்தான் படியும், பின்னால் இருப்பவை பெரும்பாலும் பிழைத்திருக்கும். இரண்டு பிளாக்கையும் ஆய்வகத்துக்கு அனுப்பி, எந்த வெப்பத்தில் எரிப்பைத் தொடங்குகின்றன என்று புதியதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். முன் வரிசையை மட்டும் மாற்றி ஓட்டிய ஆலைகள் எனக்குத் தெரியும். எடுத்த பிளாக்கைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே இருக்கும் பிளாட்டினத்துக்கு உருக்கி எடுப்பவர்கள் விலை கொடுப்பார்கள்.

ஆர்டிஓ என்றதும் ஊரில் ஓட்டுநர் உரிமத்துக்கு வரிசையில் நின்றது ஞாபகம் வருகிறது. இது வேறு ஆர்டிஓ. பீங்கான் படுக்கைகளில் வெப்பத்தைச் சேமித்து, அதையே திருப்பிப் பயன்படுத்தி, 800 டிகிரிக்கு மேல் எரிக்கும் பெட்டி. 95 சதவீத வெப்பத்தை மீட்டுக்கொள்ளும். நியாயமாகச் சொன்னால், கனமீட்டருக்கு 5 கிராம் கரைப்பான் வரும் உங்கள் ஆலைக்கு இன்று புதிதாக வாங்குவதானால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்தச் சுமையில் எரிபொருளே கிட்டத்தட்ட வேண்டியிருக்காது. மெல்லிய ஆவியும் விட்டுவிட்டு ஓடும் ஆலையும் என்றால் கேட்டலிஸ்டுக்குத்தான் என் ஓட்டு. ஆனால் சிலிக்கோன் பிரச்சினைக்குத் தீர்வாக ஆர்டிஓ வாங்கினால் அதே வெள்ளைத் தூள் அந்தப் பீங்கானையும் அடைக்கும். அங்கே உயிர் போகாது, அடிக்கடி நிறுத்திச் சுத்தம் செய்யும் பிழைப்பாகிவிடும். எடை எவ்வளவு, உங்கள் கூரையோ முற்றமோ தாங்குமா என்பதை முதலாளி விலைக்கு முன்னால் கேட்கட்டும்.

அடுத்தது, விடுதித் தம்பிகள். அசெட்டால்டிஹைடும் அசிட்டிக் அமிலமும் கண்ணையும் மூக்கையும் எரிக்கும், அவர்கள் சொல்வது கற்பனை இல்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அசெட்டால்டிஹைடை 2பி பிரிவில் வைத்திருக்கிறது, புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ள பொருள் என்பது அதன் அர்த்தம். புகைபோக்கியிலிருந்து விடுதி ஜன்னலுக்குப் போவதற்குள் எவ்வளவு நீர்த்துப்போகிறது என்பதை அளக்காமல் நானும் சொல்ல முடியாது, விற்பனையாளரும் சொல்ல முடியாது. வேலை முடிந்து வந்து படுப்பவர்களுக்கு அந்த ஜன்னல் ஒன்றுதான் காற்று. "வாடைதான், பழகிடும்" என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் யாராவது இருந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேசிய சுற்றுப்புற வாரியத்திடம் புகார் போவதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லிவிடுவது நல்லது என்று முதலாளியிடம் எடுத்துச் சொல்லுங்கள். இந்த ஊரில் புகைபோக்கியை அரசு கவனிப்பது நேற்று தொடங்கியதில்லை. 1970இலேயே பிரதமர் அலுவலகத்தின் கீழ் தூய்மைக்கேட்டைத் தடுக்கத் தனிப் பிரிவு அமைத்தார்கள், அடுத்த ஆண்டே தூய காற்றுச் சட்டம் வந்துவிட்டது. எரிப்பானுக்கு அனுமதி வாங்கியபோது கொடுத்த வரைபடத்தில் சிலிக்கோன் இயந்திரம் இருந்திருக்காது. டக்ட்டை மாற்றும்போது அதையும் சேர்த்துப் பேசி முடித்துவிடுங்கள். எல்இஎல் மீட்டர் விஷயம் உங்கள் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுத்தில் போகட்டும், வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

இன்னொன்று. ஜூன் கடைசியில்தான் வாடை ஆரம்பித்தது, எனவே அதுவரை கேட்டலிஸ்ட் நன்றாக இருந்தது என்று யாராவது வாதாடினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மார்ச் வரை இங்கே வடகிழக்குக் காற்று, ஜூனிலிருந்து தென்மேற்கு. விடுதி உங்கள் ஆலைக்கு வடக்கிலோ கிழக்கிலோ இருந்தால், வாடை முன்பே கிளம்பிக் கடல் பக்கமாகப் போயிருக்கும், காற்று திரும்பிய பிறகுதான் ஜன்னலுக்கு வந்திருக்கும். இரவில் காற்று அடங்கி, மேலே கலையாமல் தாழ்ந்து கிடப்பதால் அப்போது இன்னும் கூடுதலாகத் தெரியும். தம்பிகளில் ஒருவரைப் பிடித்து, எந்தெந்த இரவு, எத்தனை மணிக்கு என்று கைப்பேசியில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் கழுவும் நேரத்தோடு அதை ஒப்பிட்டால் பாதி விசாரணை முடிந்துவிடும்.

எரிப்பானின் பதிவுக் கருவியில் மார்ச்சிலிருந்து நுழைவு, வெளியேற்ற வெப்பங்களை எடுத்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் வாரவாரியாக வரைந்து பாருங்கள். ஏப்ரலில் சரிவு தொடங்கியிருந்தால் உங்கள் முதலாளிக்கு அந்த ஒரு தாள் போதும். அதையும், முன் வரிசைப் பிளாக்கின் படத்தையும் அனுப்புங்கள். வெள்ளையா கறுப்பா என்று பார்த்துவிட்டு எத்தனை வரிசை மாற்ற வேண்டும் என்று சொல்கிறேன்.